ரோமானியக் கேடயம்: அச்சிலிருந்து ஊர்வலம் வரை

ஊர்த் திருவிழாவில் ரோமானியப் படையாக அணிவகுக்கும் குழுவிற்குத் தலைக்கவசத்தை விடப் பெரிய தலைவலி ஸ்கூட்டம் என்னும் வளைந்த கேடயம்தான். ஊர்வலத்தின் இரண்டு மணி நேரமும் வாள் உறையிலேயே கிடக்கும். கேடயமோ முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை கையில் தொங்கும்.

இந்த வளைந்த செவ்வகக் கேடயத்தில் ஏறக்குறைய முழுதாகத் தப்பிப் பிழைத்தது சிரியாவின் டுரா-யூரோபோஸில் கிடைத்த ஒன்றுதான். உயரம் 105.5 செ.மீ. மெல்லிய மரக்கீற்றுகளை மூன்று அடுக்காக ஒன்றுக்கொன்று குறுக்கே ஒட்டியிருக்கிறார்கள். தடிமன் 5 மி.மீ. அளவுதான். ஆனால் அது கி.பி. மூன்றாம் நூற்றாண்டுக் கேடயம். முதல் நூற்றாண்டின் இரும்புப் பட்டைக்கவசத்தை அணிந்துகொண்டு, கேடயத்தில் டுராவின் ஓவியத்தை அப்படியே வரைந்தால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். கட்டுமானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஓவியத்தைக் காலத்துக்கு ஏற்ப மாற்றுவதே சரி.

முதல் கேடயம்: 3 மி.மீ. ப்ளைவுட் இரண்டு அடுக்கு. பசை தடவி, வளைந்த மர அச்சின் மேல் வைத்துப் பெல்ட்டால் இறுக்கிக் கட்டினோம். அச்சின் ஆரம் 45 செ.மீ. பெல்ட்டை அவிழ்த்ததும் நிமிர்ந்துகொண்டது. அடுக்கு குறையக் குறைய மரம் பழைய நிலைக்குத் திரும்புவது அதிகமாகும். இரண்டு அடுக்கில் வளைவில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். மூன்று அடுக்கில் ஒன்பதில் ஒரு பங்குதான்.

இரண்டாவது: 2 மி.மீ. ப்ளைவுட் மூன்று, ஒவ்வொன்றும் 105 × 80 செ.மீ. கேடயத்திற்கு 45 செ.மீ. ஆரம் வேண்டும் என்பதால் அச்சை 40 செ.மீ. ஆரத்தில் செய்தோம். 18 மி.மீ. பலகையில் வில் போல வெட்டிய ஆறு விலா, மேலே நெருக்கமாக ரீப்பர். ப்ளைவுட்டின் மேல்தோல் ரேகை கேடயத்தின் உயரவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே வைத்தால் வளைக்கும்போதே நொறுங்கும் சத்தம் கேட்கும். அச்சின் மேல் பாலித்தீன் விரிக்க மறந்தால் கேடயம் அச்சோடு ஒட்டிக்கொள்ளும். அடுக்குகளுக்கு இடையிலுள்ள இரண்டு பசைப்பரப்புக்கும் சேர்த்து 300 கிராம் பசை. 18 செ.மீ.க்கு ஒன்றாக ஆறு ராட்செட் பெல்ட் (பல்சக்கரத்தால் இறுக்கும் பட்டை). நடுவிலிருந்து ஓரம் நோக்கி இறுக்க வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் காற்று சிக்கி, பிறகு தட்டிப் பார்த்தால் ‘டொக் டொக்’ என்று வெற்றோசை வரும். 24 மணி நேரம் தொடக்கூடாது.

இதிலும் ஒரு கோளாறு. சாதாரண வெள்ளை மரப்பசை சூட்டில் இளகும். வெயிலில் நின்ற வண்டிக்குள் குப்புறப் படுக்கப் போட்ட கேடயம் சாயங்காலம் தட்டையாகிவிட்டது. மூன்றாவதிலிருந்து நீர் தாங்கும் குறுக்கிணைப்புப் பசைதான். வண்டியில் கேடயங்களை நிறுத்தித்தான் ஏற்றுகிறோம்.

கைப்பிடி கிடைமட்டம். பெட்டியைத் தூக்குவது போல, உள்ளங்கை கீழ்நோக்கிப் பிடிக்க வேண்டும். டுராவில் பின்பக்கக் குறுக்குச் சட்டமே நடுவில் கைப்பிடியாகிறது. சட்டத்தைக் கேடயத்தின் சரியான நடுவிலிருந்து 1 செ.மீ. மேலே வைத்தால் கேடயம் தானாக நேரே தொங்கும். கீழே போனால் மேல் விளிம்பு முன்னால் கவிழும். அரை மணியில் மணிக்கட்டு கழன்றுவிடும். முன்னாலுள்ள இரும்புக் குமிழின் உட்குழிவு 7 செ.மீ.க்குக் குறைந்தால் விரல் முட்டி ஒவ்வோர் அடிக்கும் இடிபடும்.

விளிம்புக்கு ஊறவைத்த, பதனிடாத பச்சைத்தோல். தையல் துளை ஓரத்திலிருந்து 8 மி.மீ. உள்ளே, 2 செ.மீ. இடைவெளியில். கையால் இழுத்துப் பிடித்தால் போதும். தோல் காயும்போது தானே சுருங்கி இறுகும். ஈரத்திலேயே வலிந்து இறுக்கினால் காய்ந்தபின் துளைகளை இணைத்து ப்ளைவுட் கிழியும். எல்லாம் சேர்த்து எடை 5.5 கிலோவுக்குள் நிற்கிறது.

தெருவில் வேறு கணக்கு. கூட்டம் கேட்பது ஆமை வியூகம்: முன்னாலும் பக்கங்களிலும் தலைக்கு மேலும் கேடயங்களை ஆமையோடு போல அடுக்கி நகர்வது. நால்வர் வீதம் நான்கு வரிசை என்றால் முன்னால் 4, பக்கங்களில் மும்மூன்று, கூரைக்கு 6 கேடயம்தான் மிஞ்சும். வலப்பக்கத்தவர் கேடயத்தை வலக்கைக்கு மாற்ற வேண்டும். பிடி நடுவில் கிடைமட்டமாக இருப்பதன் அருமை அப்போதுதான் தெரியும். உயரமானவரை நடுவில் விட்டால் கூரை பிளக்கும். தலைக்கு மேல் பிடிப்பது இரண்டு நிமிடம், அதற்கு மேல் தோள் நடுங்கும். உள்ளே சத்தம் முழங்கும் என்பதால் கட்டளை ஓரசை, ஈரசைக்குள் இருக்க வேண்டும். நடக்க ‘மோவே’, நிற்க ‘ஸ்தா’. இரண்டும் கி.பி. 600 வாக்கில் எழுதப்பட்ட பைசாந்திய (கிழக்கு ரோமானிய) போர்க்கையேட்டில் உள்ள இலத்தீன் சொற்கள். முதல் நூற்றாண்டுக்குப் பிந்தியவைதான், ஆனாலும் காதில் விழுகின்றன.

ஆணி பதித்த காலிகே செருப்பு மண்ணில் கடிக்கும், வழுவழுப்பான கல்லிலும் சாக்கடை மூடியிலும் சறுக்கும். அங்கே அரை அடியாக, பாதம் முழுதும் பட வைத்து நடக்க வேண்டும். காற்றடித்தால் கேடயத்தைக் காற்றுக்கு விளிம்பு காட்டித் திருப்பிவிடுங்கள். மார்போடு வைத்து முட்டுக்கொடுத்தால் ஆளையே தள்ளும். ஈட்டிமுனை மழுங்கல் என்றாலும் தோரணமும் மின்கம்பியும் வரும் இடங்களை முந்தின நாளே நடந்து குறித்துக்கொள்கிறோம்.

அடுத்து பின்பக்கச் சட்டங்களை ஆணி இல்லாமல் மரமுளை அடித்துப் பொருத்தும் நான்காவது கேடயம். அச்சில் இருக்கிறது.