இரண்டு நிறத்தில் ஒரே மனகோலம்

மூன்று ராத்திரி இதிலேயே போனது. நேற்று பதினொன்றரை மணிக்குத்தான் படம் ஒழுங்காக வந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பள்ளத்தூரில் எங்கள் வீட்டில் அம்மாவும் சின்னம்மாவும் அதிரசம், சீப்புச்சீடை, தேன்குழல், மனகோலம் என்று பலகாரம் செய்து கொடுக்கிறார்கள். எந்த மாதம் எது எத்தனை கிலோ போனது என்று அம்மா நோட்டில் எழுதி வைப்பார். எல்லாம் தமிழ் மாதக் கணக்கு, வருஷத்துக்கும் தமிழ்ப் பெயர்தான். சோபகிருது, குரோதி இரண்டையும் எடுத்துக்கொண்டேன். கணக்கைப் படமாக வரைய ஆர் என்ற நிரல்மொழி கற்க ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. பாடத்துக்குப் பாடம் பயிற்சிக்கு வரும் அந்த 150 ஐரிஸ் பூக்களின் அளவுகளோடு மல்லுக்கட்டி அலுத்துவிட்டது. அந்தப் பூவை நான் கண்ணால் கண்டதில்லை. படத்தில் தப்பு வந்தாலும் எனக்குத் தெரியாது. தேன்குழல் கணக்கு என்றால் தப்பு உடனே உறுத்தும்.

எக்செல்லிலிருந்து உள்ளே கொண்டு வருவது, படம் வரையும் ஜிஜிபிளாட் தொகுப்பில் பட்டைக்கு ஜியாம்_பார் வேண்டாம் ஜியாம்_கால் போடு என்பதெல்லாம் நீங்கள் அறிந்ததே. மாத வரிசையும் அப்படித்தான். முதல் படத்தில் வருஷம் ஆடியில் பிறந்து வைகாசியில் முடிந்தது, சித்திரைக்கு அடுத்து தை! அகரவரிசைப்படி அடுக்கிவிட்டது. பெயர்களுக்கு வரிசை சொல்லும் ஃபாக்டர் போட்டுப் பன்னிரண்டு மாதத்தையும் லெவல்ஸில் வரிசையாக எழுதியதும் சரியானது. பத்து நிமிஷ வேலை. அந்தத் தெம்பில்தான் மாட்டினேன்.

நிறத்தைப் பலகாரத்துக்குக் கொடுத்தால் பட்டைகள் தானாகவே அடுக்குச் சட்டி மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. மொத்தம் தெரியும். ஆனால் நடுவில் இருக்கும் சீப்புச்சீடை போன மாதத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்று கேட்டால் பதில் கிடையாது. பொசிஷனுக்கு டாட்ஜ் கொடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். வருஷத்துக்கு ஒரு கட்டமாக ஃபேசெட்டும் போட்டேன். அப்போதுதான் ஓரத்து நிறக் குறிப்பைப் பார்த்தேன். நான்கு பலகாரத்துக்கு ஐந்து நிறம். அதிரசம், சீப்புச்சீடை, தேன்குழல், மனகோலம், மனகோலம்.

சோபகிருதுவில் ஒரு நிற மனகோலம், குரோதியில் வேறு நிற மனகோலம். எங்காவது கடைசியில் இடைவெளி ஒட்டியிருக்கும் என்று ட்ரிம்டபிள்யூஎஸ் ஓட்டினேன். அசையவில்லை. மூன்று சுழி ண போட்டு மணகோலம் என்று எழுதிவிட்டேனோ (அப்படி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்) என்று எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டும் அச்சாக ஒன்று. இதுவும் அதுவும் சமமா என்று ஆரைக் கேட்டால் ஃபால்ஸ் என்கிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "என்னத்தா, ரெண்டும் மனகோலம்னுதானே போட்டிருக்கு?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

துப்பு வேறு பக்கத்திலிருந்து கிடைத்தது. வருஷக் கட்டமும் அகரவரிசையில் குரோதியை முதலில் வைத்திருந்தது. மாதத்துக்குச் செய்த மாதிரியே லெவல்ஸில் சோபகிருது, குரோதி என்று நானே தட்டினேன். குரோதி ஒழுங்காக வந்தது. சோபகிருதுவைக் காணோம். அதன் பட்டைகள் எல்லாம் என்ஏ (மதிப்பு இல்லை) என்று தலைப்பிட்ட கட்டத்தில் கிடந்தன. லெவல்ஸில் இல்லாத பெயர் வந்தால் ஃபாக்டர் ஒரு எச்சரிக்கைகூடக் கொடுக்காமல் என்ஏ ஆக்கிவிடும். இந்தக் குணம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

சரி, மனகோலத்துக்கும் சோபகிருதுக்கும் என்ன உறவு? இரண்டிலும் ஓகாரம் இருக்கிறது. கோ, சோ. அதிரசத்திலும் தேன்குழலிலும் சீடையிலும் கிடையாது. பன்னிரண்டு மாதப் பெயர்களில் ஒன்றில்கூடக் கிடையாது. அதனால்தான் மாத வரிசை அன்று சிரமமில்லாமல் அமைந்தது! என்கேர் போட்டு எழுத்தை எண்ணச் சொன்னேன். ஒரு மனகோலத்துக்கு 7 வந்தது, இன்னொன்றுக்கு 8.

நடந்தது இதுதான். சோபகிருது நோட்டை ஒரு தட்டச்சு நிலையத்தில் கொடுத்து அடித்து வாங்கியிருந்தோம். அவர்கள் அடித்தது பழைய பாமினி எழுத்துருவில். அதை ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்கினேன். யூனிகோடில் ஓகாரக் குறி மொத்தமாக ஒரே குறியீடாகவும் இருக்கலாம், இரட்டைக் கொம்பு ஒன்று கால் ஒன்று என்று இரண்டு துண்டாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மாற்றி இரண்டு துண்டாகவே விட்டுவிட்டது. குரோதியைக் கைப்பேசியில் நானே அடித்தேன், அதில் ஒரே குறியீடு. நம் கண்ணுக்கு ஒரே கோ. ஆருக்கு இரண்டு வெவ்வேறு சரக்கு. ஒகரம், ஔகாரத்துக்கும் இதே கதைதான், கொத்துமல்லி, கொப்பரை என்று கணக்கு வைத்திருப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்து ஒற்றை வரி. ஸ்ட்ரிஞ்சி தொகுப்பில் ஸ்ட்ரி_ட்ரான்ஸ்_என்எஃப்சி. துண்டுகளை ஒட்டி ஒரே குறியீடாக்கும். இப்போது கோப்பைத் திறந்ததும் எல்லாத் தமிழ்ப் பத்திகளையும் அதில் ஒருமுறை முக்கி எடுத்துவிட்டுத்தான் மறுவேலை. தட்டச்சுக்குக் கொடுத்த காசுக்கு நானே அடித்திருக்கலாம்.

படத்தில் தமிழ் கட்டம் கட்டமாக வருகிறதென்றால் ராக் தொகுப்பை நிறுவி, ஆர் எழுதும் செயலியான ஆர்ஸ்டூடியோவின் கிராபிக்ஸ் அமைப்பில் ஏஜிஜி என்று மாற்றுங்கள். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், இலவசம். முதலில் ஷோடெக்ஸ்ட் என்ற வேறு தொகுப்பை முயன்றேன். எழுத்து வந்தது, கொம்பு மட்டும் எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது.

அப்புறம் நிறம். ஐந்து நான்கானதும் தேன்குழலுக்கு ஒரு பச்சைநீலம் விழுந்தது. அப்பத்தா பார்த்துவிட்டு, "யாருத்தா இதை வாங்கித் திம்பா?" என்றார். வீட்டு வளவில் பதித்திருக்கும் ஆத்தங்குடித் தரைக்கல்லைப் படமெடுத்து அதிலிருந்து செங்காவி, மஞ்சள், பச்சை, கருப்பு நான்கையும் எடுத்து ஸ்கேல்_ஃபில்_மேனுவலில் கொடுக்கலாம் என்று திட்டம். அந்தக் கல் வார்ப்பதை நேரில் பார்த்திருக்கிறேன். கண்ணாடி மேல் முதலில் ஊற்றும் நிறக்குழம்புதான் கடைசியில் முகமாக மேலே வரும். ஜிஜிபிளாட்டில் நேர் எதிர், கடைசியாகச் சேர்க்கும் அடுக்குதான் மேலே நிற்கும். பழுத்த மஞ்சளுக்குச் சரியான எண் இன்னும் சிக்கவில்லை, பகல் வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுக்க வேண்டும்.

ஆர் என்று பெயர் வந்ததற்கு ஒரு காரணம், அதைச் செய்த ஆக்லாந்து பல்கலைக்கழகத்து ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவருக்கும் முதலெழுத்து அதுவே. நம் ஊர் விலாசம் போடுவது மாதிரி.

வேலை இன்னும் முடியவில்லை. ஆடியில் மூன்று பட்டை மட்டும் குண்டாக நிற்கின்றன. அதிரசத்துக்கு அந்த மாதம் கணக்கில் ஒரு வரிகூட இல்லாததால் மற்ற மூன்றும் அதன் இடத்தையும் பங்கு போட்டுக்கொண்டன. டாட்ஜுக்குள் ப்ரிசர்வ் சிங்கிள் என்று கொடுத்தால் பருமன் சரியாகும். டைடிஆர் தொகுப்பின் கம்ப்ளீட் விடுபட்ட வரிகளைச் சேர்க்கும், ஃபில்லில் சொன்னால் பூஜ்ஜியம் போட்டு நிரப்பும். எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. மொத்தம் 96 வரி இருக்க வேண்டிய இடத்தில் 89தான் இருக்கிறது. ஆனால் நோட்டில் எழுதவில்லை என்றால் விற்கவில்லை என்று அர்த்தமா, எழுத மறந்தது என்று அர்த்தமா? ஏழையும் அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஆறுக்கு "ஒண்ணும் போகலை" என்றார். ஏழாவது, குரோதி மாசி மனகோலம். தேவகோட்டைக்கு ஒரு தூக்கு கொடுத்தோமே என்கிறார் சின்னம்மா. அது பங்குனி என்கிறார் அம்மா. அந்த ஒரு வரியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.