மாடி அறை மேடைக்கு ஒரு பழைய வால்வு ஆம்ப்

2025 ஜூன் 8, ஞாயிறு

எங்கள் நால்வர் குழு வாசிக்கும் இடங்கள் பெரும்பாலும் இந்திராநகரிலும் கோரமங்களாவிலும் உள்ள மாடி அறைகள்தாம். அறுபது எழுபது பேர் உட்கார்ந்தால் அறை நிறைந்துவிடும். மேடை என்பது தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்த பலகைத் தளம். டிரம்ஸுக்கும் என் முதுகுக்கும் நடுவே கை நீட்டும் இடைவெளிகூட இராது. அந்த மேடையில் என் கிட்டாருக்கென்று 1960களிலோ 1970களின் தொடக்கத்திலோ செய்யப்பட்ட வால்வு ஆம்ப் (கண்ணாடி வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் பெட்டி) ஒன்றை வாங்குவதென்று தீர்மானித்திருக்கிறேன். பெங்களூரில் விற்பனைக்கு இருப்பவை மிகக் குறைவு என்பதால் ஒவ்வொன்றையும் பொறுமையாகப் பார்த்து, கேட்டதையும் அறிந்ததையும் இங்கே எழுதி வருவேன்.

பழையதுதான் வேண்டும் என்பதற்கு எனக்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. அமெரிக்க நிறுவனமான ஃபெண்டரின் அக்காலத்து ஆம்ப்களில் உறுப்புகளெல்லாம் கண்ணித் துளைகள் பதித்த அட்டையில் கையால் கோத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். எந்த ரெசிஸ்டர் கெட்டாலும் வால்வு ரேடியோ பழுது பார்த்துப் பழகிய ஒருவர் அதைத் தனியே எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துவிடலாம். 1993 முதல் வரும், ஃபெண்டரின் டீலக்ஸ் ரிவெர்ப் மாடலின் மறுபதிப்புகள் அச்சிட்ட சர்க்யூட் பலகையில் அமைந்தவை. அவற்றின் ஒலியில் எனக்குக் குறையில்லை, ஆனால் பலகையின் செப்புப் பாதை கருகிவிட்டால் இங்கே அதைச் சரிசெய்ய ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும்.

வாங்கப் புகுமுன் வாட் கணக்கைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். திறனை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. ஓசை இருமடங்கானது என்று காது உணர்வதற்கு ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு திறன் வேண்டும். எனவே 22 வாட் ஆம்புக்கும் 85 வாட் ஆம்புக்கும் இடையிலுள்ள வேறுபாடு சுமார் 6 டெசிபெல்தான். அப்படியென்றால் பெரியதையே வாங்கிக் குறைத்து வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் வால்வு ஆம்பின் உயிர் அதன் திறன் வால்வுகள் (ஸ்பீக்கரை இயக்கும் கடைசி வால்வுகள்) களைக்கத் தொடங்கும் எல்லையில் இருக்கிறது: மெல்லத் தொட்டால் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் ஓரத்தில் லேசாகக் கரகரத்தும் ஒலிக்கும் அந்த எல்லை. அறை தாங்கும் ஓசை அளவிலேயே அந்த எல்லை வந்துவிட வேண்டும் என்பதுதான் என் தேடலின் முழு நிபந்தனை.

ஜூன் 11, புதன்

ஃபிரேசர் டவுனில், ஒரு காலத்தில் கன்டோன்மென்ட் நடன விருந்துகளில் வாசித்த பெரியவர் ஒருவரிடம் 1970ஆம் ஆண்டு ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் இருக்கிறது. நான்கு 6எல்6ஜிசி வால்வுகள், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள், 85 வாட். "மைக் எதுவும் இல்லாம ஹால் முழுக்கக் கேட்கும்ப்பா" என்றார் அங்கிள். வால்யூம் குமிழ் 3ஐத் தொட்டபோதே அவர் வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஒலி எவ்வளவு தூய்மை என்றால், அதைக் கேட்டுக்கொண்டே மாலை முழுதும் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அந்தத் தூய்மை எங்கும் உடையவில்லை. அது உடையத் தொடங்கும் அளவுக்கு ஏற்றினால் மாடி அறையில் பாடகியின் குரல் மூழ்கிவிடும். சுமார் 29 கிலோ எடையை மாடிப்படிகளில் தூக்குவது வேறு. இது பெரிய மேடைக்கான ஆம்ப்; அங்கிளிடமும் அப்படியே சொன்னேன், அவரும் ஒப்புக்கொண்டார்.

ஜூன் 14, சனி

குக் டவுனில் ஒரு வாக்ஸ் ஏசி30 பார்த்தேன். இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டில் டாம் ஜென்னிங்ஸின் நிறுவனத்துக்காக டிக் டென்னி வடிவமைத்த வரிசையைச் சேர்ந்தது. நான்கு இஎல்84 வால்வுகளுக்கு 30 வாட். வெளிவரும் ஒலியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பி அடக்கும் எதிர்மறைப் பின்னூட்டம் இல்லாத சர்க்யூட் என்பதால் சிறு தொடுகைக்கும் ஒலி குதித்தெழுகிறது. மேல் ஸ்தாயியில் மணியோசை.

நம் நாட்டில் இதற்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்காகவே பிறந்தது இது. நம் வீட்டுப் பிளக்கில் நேராகச் செருகலாம். அதுமட்டுமன்று, இஎல்84 நம் ஊரோடு உறவுள்ள வால்வு. ஜாலஹள்ளியிலுள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) 1961இல் ரேடியோ வால்வுகளைச் செய்யத் தொடங்கியது; பெல் முத்திரையிட்ட இஎல்84, இசிசி83 வால்வுகளை இன்றும் உலகெங்கும் ஆம்ப் வைத்திருப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். அங்கே பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது வீட்டு மாடியில் பழைய ரேடியோக்களைச் சரிசெய்து வரும் தமிழ்ப் பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். தொலைபேசியில் கேட்டேன். "ஏசி30 அந்த வால்வ ரொம்ப வாட்டி எடுக்கும் தம்பி. வாரத்துக்கு ரெண்டு நாள் வாசிச்சா, அடிக்கடி நாலு வால்வும் மாத்த வேண்டியிருக்கும். எங்கிட்ட இருக்கற பழைய சரக்க அதுல போட எனக்கு மனசு வராது" என்றார். அவர் சொன்னது சரி. அனுமதித்த வெப்ப எல்லையின் மேல்விளிம்பிலேயே அந்த வால்வுகளை ஓட்டும் சர்க்யூட் அது. மேலும் 30 வாட்டும் இரண்டு ஸ்பீக்கர்களும் எங்கள் அறைகளுக்கு இன்னும் அதிகம். இதே சர்க்யூட் மரபில் வந்த 15 வாட் ஏசி15 கிடைத்திருந்தால் தேடலை அங்கேயே முடித்திருப்பேன். நகரில் எவரிடமும் அது விற்பனைக்கு இல்லை.

ஜூன் 21, சனி

1966ஆம் ஆண்டு ஃபெண்டர் பிரின்ஸ்டன் ரிவெர்ப். கறுப்பு முகப்பு, இரண்டு 6வி6 வால்வுகள், ஒரு 10 அங்குல ஸ்பீக்கர், சுமார் 12 வாட். உள்ளே ஒட்டிய வால்வு வரைபடத் தாளில் 'பி' எழுத்தில் தொடங்கும் முத்திரை இருந்தது. ஃபெண்டர் 1951ஐ 'ஏ' என்று தொடங்கி ஆண்டுகளை எழுத்தால் குறித்ததால் 'பி' என்பது 1966. டிரான்ஸ்ஃபார்மர்களிலும் ஷூமாக்கர் நிறுவனத்தின் 606 என்ற எண்ணும், அதையடுத்து ஆண்டு, வார எண்களும் இருந்தன. எதையும் யாரும் மாற்றவில்லை. அதற்கேற்ற விலை.

ஒலியளவை ஏற்றி இறக்கி அசைக்கும் ட்ரெமலோ வசதிக்குப் பெரிய ஃபெண்டர்களில் உள்ள சிறு விளக்கும் ஒளியுணரியும் இதில் இல்லை. இங்கே ட்ரெமலோ திறன் வால்வுகளின் பயஸையே (ஓய்வில் அவற்றில் ஓடும் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும் அமைப்பை) அசைத்து எழுகிறது, அதனால் அலை போல மெல்ல வந்து போகிறது. அந்த ட்ரெமலோவுக்காகவே இதை நேசிக்கலாம்.

ஆனால் மின்சாரம் என்று வந்தால் கேள்விகள் பல. இது அமெரிக்காவின் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கு ஆனது. மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. சாலையை ஒட்டிய சந்தில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தரும் அண்ணனிடம் போய்ப் பேசினேன். வோல்ட்டைச் சரிபாதியாகக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றினால் 230 வோல்ட்டில் 115உம், மாலையில் மின்சாரம் 240க்கு ஏறினால் 120உம் கிடைக்கும், அது போதும். மலிவான ஸ்டெப்-டவுன்களில் பெரும்பாலானவை ஒரே சுற்றில் கிளை எடுத்த ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்கள். அவை ஆம்பை மின்சார வலையிலிருந்து பிரிப்பதில்லை. இரண்டு தனிச் சுற்றுகள் கொண்டதையே கேட்க வேண்டும். வோல்ட்டை இப்படிச் சரிசெய்யலாம். ஹெர்ட்ஸை எந்த ஸ்டெப்-டவுனாலும் மாற்ற முடியாது. 60 ஹெர்ட்ஸுக்கு அளந்து செய்த இரும்பு மையத்தில், அதே வோல்ட்டை 50 ஹெர்ட்ஸில் கொடுத்தால் காந்தப் பாய்வு ஐந்தில் ஒரு பங்கு கூடும். டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடாகும், முனகும். ஏறத்தாழ அறுபது வயதான, மாற்றுக் கிடைக்காத ஒரு பாகத்தை ஒவ்வொரு கச்சேரியிலும் அப்படிச் சுடவைப்பது எனக்கு உடன்பாடில்லை.

இரண்டு பின் பிளக்கும் அப்படியே இருக்கிறது. அந்தக் காலத்து ஆம்ப்களில் மின்கம்பிகளில் ஒன்றுக்கும் சேசிஸுக்கும் (ஆம்பின் உலோகச் சட்டம்) நடுவே ஒரு கண்டென்சர் இருக்கும். அது பழுதானால் சேசிஸில் மின்சாரம் நிற்கும். கிட்டார் கம்பிகளில் கைவைத்தபடி மைக்கில் உதடு படும்போது உயிருக்கே ஆபத்து. வாங்குபவர் யாராக இருந்தாலும் முதல் வேலையாக அந்தக் கண்டென்சரை எடுத்துவிட்டு, எர்த் உள்ள மூன்று பின் வயரைப் போட்டுவிட வேண்டும். 'அசலாகவே இருக்கட்டும்' என்ற எண்ணத்துக்கு இதில் இடமே இல்லை.

ஜூன் 28, சனி

இன்று அல்சூரில் பார்த்தது 22 வாட் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் ஒன்று. வெள்ளி முகப்பு, முத்திரை 'ஆர்' எழுத்தில் தொடங்குகிறது, ஆகவே 1968. ஃபெண்டரை 1965இல் அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் வாங்கிய பிறகு பெரிய மாடல்களின் சர்க்யூட்டில் பல மாற்றங்கள் நுழைந்தன. டீலக்ஸ் ரிவெர்ப் மட்டும் ஏறத்தாழ 1963இன் ஏபி763 சர்க்யூட்டிலேயே தொடர்ந்தது. முந்தைய கறுப்பு முகப்பு ஆம்ப்களைவிட வெள்ளி முகப்புள்ளவற்றுக்கு விலை குறைவு. உள்ளே இருப்பது கறுப்பு முகப்பின் குரலே.

விலை குறைந்ததற்கு வேறு காரணங்களும் இருந்தன. முன்பு ஒருமுறை பவர் டிரான்ஸ்ஃபார்மர் கருகி, அதன் இடத்தில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கு இங்கேயே சுற்றிய வேறொன்று பொருத்தப்பட்டிருக்கிறது. ஸ்பீக்கரும் அசல் இல்லை. செலஸ்டியன் விண்டேஜ் 30 இருக்கிறது. சேகரிப்பவர்கள் இவ்விரண்டையும் கேட்டதும் விலகிப் போகிறார்கள் என்று விற்பவர் வருத்தத்தோடு சொன்னார். எனக்கோ முதல் குறை ஒரு வரமாகத் தெரிந்தது. ஸ்டெப்-டவுன் பெட்டி வேண்டாம், 50 ஹெர்ட்ஸ் கவலை இல்லை, கருகினால் மறுபடியும் சுற்றித் தர எஸ்.பி. சாலையில் ஆள் இருக்கிறார். குரலைத் தீர்மானிக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் 606 முத்திரையோடு அசலாகவே இருக்கிறது.

பெல்லில் பணியாற்றிய ஜாலஹள்ளி ஐயாவும் உடன் வந்திருந்தார். முதலில் ஃபில்டர் கண்டென்சர்களில் தேங்கியிருந்த மின்சாரத்தை வடித்துவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே உள்ளே கைவைத்தார். அணைத்த பின்னும் அவற்றில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கக்கூடும். உலோக மூடியைக் கழற்றிக் காட்டி, "இந்தக் கண்டென்சர் எல்லாம் உப்பிப் போயிருக்கு தம்பி, அஞ்சையும் மாத்தணும். மத்தபடி எந்தக் கையும் படல, சால்டரிங் எல்லாம் கம்பெனியோடது" என்றார். இந்த வகை மின்பகு கண்டென்சர்கள் இருபது ஆண்டுகளில் உலர்ந்துபோகும் பொருள்கள். டயர் தேய்வது போன்ற இயல்பான தேய்மானம்தான் இது. அதை மனத்தில் வைத்தே விலை பேசினேன்.

ஜூலை 4, வெள்ளி

கண்டென்சர்கள் புதியவை, மூன்று பின் வயர் புதியது. பயஸை ஐயா அளந்தார்: 410 வோல்ட்டில் ஒவ்வொரு 6வி6க்கும் 22 மில்லிஆம்பியர், அதாவது ஓய்வுநிலையில் சுமார் 9 வாட். இந்த ஆம்ப் 6வி6க்குத் தருகிற வோல்ட் பழைய தரவுத்தாளின் எல்லையைத் தாண்டியது என்பதால், உறுதியான கட்டமைப்புள்ள ஸ்லோவாக்கிய ஜேஜே வால்வுகளைப் போட்டிருக்கிறோம்.

பணத்தை முழுதாகக் கொடுக்குமுன் இரவல் வாங்கிக்கொண்டு இன்று இந்திராநகர் மாடி அறையில், பார்வையாளர் வருவதற்கு முன், முழுக் குழுவோடு வாசித்துப் பார்த்தேன். விண்டேஜ் 30 ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு 100 டெசிபெல் தரக்கூடியது. வால்யூம் 4இலேயே டிரம்ஸை மிஞ்சியது, நான் தேடிய கரகரப்பு வருமுன்னரே ஓசை மிகுந்துவிட்டது. நண்பரிடமிருந்து கொண்டுவந்திருந்த செலஸ்டியன் கிரீன்பேக் ஸ்பீக்கரை மாட்டினோம். அது 98 டெசிபெல். 2 டெசிபெல் குறைவு என்பது திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்ததற்குச் சமம். சிறிய அறைக்கு உணர்திறன் குறைந்த ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பதுதான் பொருத்தம் என்பது அங்கே கண்கூடாகத் தெரிந்தது. வால்யூம் 5ஐ நெருங்கியபோது அந்த எல்லை வந்தது. மெல்லத் தொட்டேன், தெளிவு; அழுத்தினேன், கரகரப்பு; குமிழைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

ஸ்பீக்கர் நேர்க்கோட்டில் சத்தத்தைப் பாய்ச்சும் இயல்புடையது. தரையில் வைத்தால் என் முழங்காலுக்கும் முதல் வரிசையின் காதுக்கும்தான் கேட்கும். ஒரு நாற்காலியின் மேல் சற்றுப் பின்சாய்த்து வைத்ததும் எனக்குத் தெளிவாகக் கேட்டது, முன்வரிசைக்கு உறுத்தவில்லை. பின்னால் இருப்பவர்களுக்காக ஒரு மைக்கை ஸ்பீக்கர் முன் நிறுத்தி, அறையின் ஒலிபெருக்கியில் சிறிதே கலந்தோம். டிரம்ஸ் வாசிக்கும் தோழி, "இன்னிக்குத்தான் என் ஹை-ஹாட்டும் உன் கிட்டாரும் எனக்கு ஒண்ணா கேட்குது" என்றாள்.

அடுத்த கட்டடம் குடியிருப்பு. இரவு 10 மணிக்குப் பிறகு சட்டம் வகுத்த ஒலி எல்லையும் இறங்கிவிடும். இந்த அளவிலேயே முழுக் குரலோடு ஒலிக்கும் ஆம்ப் என்பது அந்த மக்களுக்கும் நாம் செய்ய வேண்டிய மரியாதை.

ஜூலை 6, ஞாயிறு

டீலக்ஸ் ரிவெர்ப்பையே வாங்கிவிட்டேன். பிரின்ஸ்டனின் ட்ரெமலோ இன்னும் நினைவில் இருக்கிறது. ஆனால் மின்சாரக் கவலை ஒருபுறமிருக்க, டிரம்ஸும் பேஸும் சேர்ந்த மேடையில் அதன் 10 அங்குல ஸ்பீக்கர் கீழ்ஸ்தாயியில் தடுமாறும். தனியே பாடகி ஒருவருக்கு மட்டும் வாசிப்பவர் என்றால் அதையே எடுக்கச் சொல்வேன்.

விண்டேஜ் 30ஐ விற்று கிரீன்பேக் ஒன்று வாங்க வேண்டும். உதிரியாக ஒரு ஜோடி 6வி6, ஒரு ஜிஇசட்34 (மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் வால்வு), இரண்டு ஃபியூஸ் ஆகியவற்றைப் பையில் வைத்துக்கொள்ளும்படி ஐயா சொல்லியிருக்கிறார். ரிவெர்ப் (எதிரொலி) எழுப்பும் ஸ்பிரிங் பெட்டியின் ரப்பர் தாங்கிகள் இறுகிவிட்டன. அடுத்த சனிக்கிழமை ஜாலஹள்ளிக்கு எடுத்துப்போய் அவற்றை மாற்ற வேண்டும். வரும் வெள்ளி கோரமங்களாவில் கச்சேரி. அந்த அறையின் கூரை தாழ்வானது என்பதால் நாற்காலி இல்லாமல் தரையில் சாய்த்துவைத்துக் கேட்டுப் பார்க்கப் போகிறேன்.