நுரைக் கவசத்துக்கு அளவெடுத்த நாட்கள்

ஜனவரி 4, 2026, ஞாயிறு

அக்கா மகன் படிக்கும் கோவைக் கல்லூரியில் பிப்ரவரி இறுதியில் மேடை நாடகம் ஒன்று நடக்கவிருக்கிறது. அதில் அவனுக்கு 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் குதிரைவீரன் வேடம். வாடகைக்குக் கிடைக்கும் நாடக உடைகளில் கவசம் என்ற பெயரில் இருப்பது வெள்ளித்தாள் ஒட்டிய மார்புப்பட்டை மட்டுமே என்பதால், தலை முதல் கால் வரை முழுக் கவசத்தையும் இ.வி.ஏ. நுரைத்தகட்டில் (செருப்புக்குப் பயன்படும், ரப்பர் போன்ற மெத்தென்ற நுரை) நாமே செய்துவிடுவதென்று முடிவாயிற்று. "சித்தி, அளவு மட்டும் நீங்கள் சரியாக எடுத்துக் கொடுங்கள், வெட்டி ஒட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான். கூடவே உயரம், மார்பு, இடுப்பு என மூன்று எண்களையும் அனுப்பியிருந்தான். மூன்று எண்களை வைத்துக்கொண்டு ஒரு பள்ளிச் சீருடைகூடத் தைக்க முடியாது என்று பதில் எழுதினேன்.

ரவிக்கைக்கு அளவெடுத்துப் பழகிய கைக்கு இது புதிய வேலைதான். துணி விட்டுக்கொடுக்கும், சிறிது பிடித்தால் தையலைப் பிரித்து விட்டுவிடலாம், தளர்ந்தால் உள்ளே ஒரு தையல் போடலாம். ஆறு மில்லிமீட்டர் நுரைத்தகடு அப்படி இல்லை. உடல் அசையும்போது அது உடலோடு வராது. ஒன்று தொண்டையில் முட்டும், இல்லையேல் தொடையைக் குத்தும். ஆகவே நிற்கும் உடலின் அளவைவிட, குனிந்து, உட்கார்ந்து, கையை நீட்டும் உடலின் அளவே எனக்கு முக்கியம் என்று தோன்றுகிறது. பொங்கல் விடுமுறைக்கு வரும்போது கவசத்துக்கு உள்ளே போடப்போகும் பஞ்சு வைத்த சட்டை, கால்சட்டை, காலணி மூன்றையும் தவறாமல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 14, புதன், போகி

காலையில் வீட்டு வேலை முடிந்ததும் அளவெடுக்கத் தொடங்கினோம். முதலில் டேப்பை எடுக்கவில்லை. ஒரு மெல்லிய எலாஸ்டிக் நாடாவை வயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டு, இடப்பக்கமும் வலப்பக்கமும் நன்றாகச் சாய்ந்து நிமிரச் சொன்னேன். நாடா தானாகவே உருண்டு போய் உட்கார்ந்த இடம்தான் உண்மையான இடுப்பு. அவன் பேன்ட் கட்டும் இடத்துக்கு ஏறத்தாழ நான்கு விரற்கடை மேலே அது இருந்தது. நம் ஊரில் ஆண்கள் பெல்ட் போடும் இடத்தையே இடுப்பு என்று எழுதிக் கொடுக்கிறார்கள். சட்டைக்கு அது போதும், கவசத்துக்கு ஆகாது. பழைய ஐரோப்பியக் கவசங்களின் மார்புத்தகடு படத்தில் பார்க்கும்போது குட்டையாகத் தெரிவதற்கும் இதுவே காரணம்: அது உடல் மடியும் கோட்டோடு நின்றுவிடும், அதற்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக நழுவும் பட்டைகள் தொங்கும். மார்புத்தகட்டைத் தொப்புளுக்குக் கீழே இறக்கிவிட்டால், உட்காரும்போது தொடை அதை மேலே தள்ளும், மேல் விளிம்பு போய்க் கழுத்தில் நிற்கும்.

அடுத்து, தலையைக் குனியச் சொல்லிப் பின்கழுத்தின் அடியில் துருத்தும் எலும்பின்மேல் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டினேன். தோள்பட்டையின் ஓரத்து எலும்பு, அக்குளின் முன்மடிப்பு, முழங்கைமுனை, முழங்கால்சில்லின் நடு என ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு. எந்த அளவை மறுபடி எடுத்தாலும் அதே புள்ளியிலிருந்து எடுக்க வேண்டும். புள்ளி மாறினால் எண்ணுக்குப் பொருளில்லை.

குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் போட்டிருக்கிறேன்: வெறும் பனியன்மேல் ஒன்று, பஞ்சுச் சட்டையின்மேல் ஒன்று. மார்பு 91 சென்டிமீட்டர், சட்டையோடு 98. இடுப்பு 76, சட்டையோடு 82. ஆழமாக மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி எடுத்தபோது வெறும் பனியன்மேல் மார்பு 97 ஆயிற்று. நம் காவலர் தேர்வில் மார்பு சாதாரண நிலையில் 81 சென்டிமீட்டரும், மூச்சிழுத்தால் குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் விரிவும் கேட்கிறார்களே, அந்த ஐந்து சென்டிமீட்டருக்கு இங்கே வேறொரு வேலை இருக்கிறது: இவன் மேடையில் நின்று உரக்க வசனம் பேச வேண்டும். விரிந்த அளவுக்கு இடமில்லாவிட்டால் இரண்டாவது வரியிலேயே மூச்சு முட்டும். அதனால் முன்தகடும் பின்தகடும் தனித்தனியாக இருந்து, இரு பக்கங்களிலும் வாரினால் சேர்வதென்று வைத்துக்கொண்டோம். ஒன்றன்மேல் மற்றொன்று மூன்று சென்டிமீட்டர் ஏறியிருக்கும், மூச்சுக்கு ஏற்ப நழுவும்.

ஜனவரி 16, வெள்ளி, மாட்டுப் பொங்கல்

இன்று அசையும் அளவுகள். இவற்றை எழுதி வைக்கும்போதுதான் உடல் எவ்வளவு மாறுகிறது என்பது விளங்குகிறது.

பின்கழுத்து எலும்பிலிருந்து இடுப்பு நாடா வரை நிமிர்ந்து நிற்கையில் 44 சென்டிமீட்டர். குனிந்து காலணி வாரைத் தொடும்போது 50. கைகளைத் தொங்கவிட்டால் முதுகின் குறுக்களவு 39. இரு கைகளாலும் வாளைப் பிடித்து முன்னே நீட்டினால் 47. முழங்கை நீட்டியபோது 25, மடக்கியபோது 28. தொடை நிற்கையில் 53, நாற்காலியில் 56. ரவிக்கைக்குக் கைக்குழி அளவெடுக்கும்போது கையைச் சற்றே தூக்கச் சொல்வது வழக்கம். இங்கே எல்லா இடத்துக்கும் அந்த வழக்கத்தை நீட்ட வேண்டியதாயிற்று.

இந்த ஆறும் எட்டும் சென்டிமீட்டர் வேறுபாட்டைத் தகட்டை அகலமாக்கிச் சரிசெய்ய முடியாது. முதுகுத்தகட்டை 47 அகலத்துக்கு வெட்டினால், கையைத் தொங்கவிடும்போது இரு ஓரங்களும் அக்குளுக்குள் பாயும். தகடு சிறிய அளவுக்கு இருக்க வேண்டும். பெரிய அளவுக்குத் தேவையான மிச்சத்தை இடைவெளியாக விட்டு, அந்த இடைவெளியை வேறொரு துண்டால் மூட வேண்டும். அக்காலக் கொல்லர்கள் அக்குளையும் முழங்கையின் உள்மடிப்பையும் தகட்டால் மூடாமல், உள்சட்டையில் இரும்பு வளையப் பின்னலைத் தைத்து மறைத்தார்கள். நாங்கள் சாம்பல் நிறப் பின்னல்துணியை அந்த இடங்களில் தைக்கப்போகிறோம். கைக்குழியின் முன்பக்க வளைவை நான் சட்டைக்கு வெட்டுவதைவிட இரண்டு விரல் உள்ளே தள்ளி வெட்டச் சொன்னபோது, "அசிங்கமாகத் தெரியாதா சித்தி?" என்று கேட்டான். அதன்மேல் தோள்கவசம் கவிழ்ந்து நிற்கும், ஒன்றும் தெரியாது.

தெருக்கூத்துக் கலைஞர்களின் மார்புப்பதக்கத்தையும் புஜக்கட்டைகளையும் இந்த வேலைக்கு நடுவே நினைத்துக்கொண்டேன். எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லு பதித்த அந்த அணிகள் கயிற்றால் இழுத்துக் கட்டப்படுவதால், ஒரே பெட்டியிலிருந்து இளைத்தவரும் பருத்தவரும் எடுத்துப் பூணுகிறார்கள்; கட்டுகிறவர் கையே அங்கே அளவு. தோள்கவசத்தை மட்டும் அப்படியே கயிற்றில் கட்டிவிடலாம் என்பது என் எண்ணம். அவனுக்கு இன்னும் சம்மதமில்லை.

ஜனவரி 17, சனி

உடல் அச்சு எடுத்தோம். திருப்பூரில் பழைய பனியனுக்குப் பஞ்சமில்லை. ஒன்றைப் பஞ்சுச் சட்டையின்மேல் போட்டு, கழுத்தையும் கையையும் கிளிங் ஃபிலிமால் (உணவைப் பொதியும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) சுற்றி, அதன்மேல் டக்ட் டேப் என்னும் உறுதியான ஒட்டுநாடாவைக் கையகலத் துண்டுகளாக ஒட்டினேன். நீளமாக இழுத்துச் சுற்றினால் டேப் உடலை இறுக்கிவிடும், அச்சு உண்மையைவிடச் சிறுத்துப்போகும். முதல் அடுக்கு குறுக்காக, இரண்டாவது சாய்வாக, மூன்றாவது நெட்டாக. வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பது எல்லா ஆண்களுக்கும் உள்ள பழக்கம் என்பதால், அவனை இடைவிடாமல் பேசவைத்துக்கொண்டே ஒட்டினேன். முழங்காலை விறைப்பாகப் பூட்டி நிற்க வேண்டாம், தலை சுற்றினால் உடனே சொல் என்றும் எச்சரித்தேன். உள்ளே காற்றுப் புகாது, வியர்வை ஊற்றாகப் பெருகும்.

அறுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. முன்நடுக்கோடு, பின்நடுக்கோடு, பக்கக்கோடு, இடுப்புக்கோடு, மார்பின் உயர்ந்த கோடு ஆகிய எல்லாவற்றையும் அவன் உடலில் இருக்கும்போதே மார்க்கர் பேனாவால் வரைந்துவிட வேண்டும். கழற்றிய பிறகு அது வெறும் கூடு. எது நேர், எது சாய்வு என்று அதில் கண்டுபிடிக்க வழியில்லை. முதுகில் நீண்ட அட்டைப்பட்டை ஒன்றைப் பனியனுக்குள் செருகி, முனை மழுங்கிய கத்தரியால் அதன்மேலேயே வெட்டித் திறந்தேன்.

பிறகு அச்சைப் பக்கக்கோடுகளில் பிரித்து மேசையில் விரித்தால் எங்கெங்கே படியாமல் தூக்கி நிற்கிறதோ, அங்கெல்லாம் ஒரு வெட்டு. துணியில் டாட் பிடிப்பதும் (உடல் வளைவுக்காக மடித்துத் தைப்பதும்) இதுவும் ஒரே கணக்குதான். ஆனால் நுரையில் மடித்துத் தைப்பதற்கில்லை, வெட்டிய இரு விளிம்புகளும் ஒன்றோடொன்று முட்டி ஒட்ட வேண்டும். அதனால் தையலுக்கென்று இடம் விடக்கூடாது. கை பழக்கத்தில் அரை அங்குலம் விட்டுவிடாமல் இருக்க, பென்சில் கோட்டின்மேலேயே வெட்டவேண்டும் என்று தாளின் தலைப்பில் பெரிதாக எழுதி வைத்தேன்.

ஜனவரி 21, புதன்

அவன் கோவைக்குத் திரும்பிவிட்டான். இன்று முழுவதும் கணக்கு.

நுரையின் தடிமனை எங்கே சேர்ப்பது என்பதே இந்த வேலையின் நெருடலான இடம். தகட்டை உருளையாக வளைத்தால் உள்முகம் சுருங்கும், வெளிமுகம் நீளும். நீளம் மாறாமல் நிற்பது ஏறக்குறைய நடுத்தடிமன்தான். ஆகவே உடலுக்கும் தகட்டுக்கும் நடுவே விடும் இடைவெளியோடு பாதித் தடிமனைக் கூட்டி, அதை 6.28ஆல் (அதாவது 3.14இன் இரு மடங்கால்) பெருக்கி, உடல் சுற்றளவோடு சேர்க்க வேண்டும். முன்கையின் பருத்த இடம் சட்டையோடு 26 சென்டிமீட்டர். இடைவெளி 8 மில்லிமீட்டர், தகடு 6 மில்லிமீட்டர். எட்டும் மூன்றும் பதினொன்று, பெருக்கினால் 69 மில்லிமீட்டர். வெட்ட வேண்டியது 32.9 சென்டிமீட்டர். டேப் காட்டிய 26ஐ அப்படியே வெட்டுகிறவர்களுக்குக் கை உள்ளேயே போகாது.

மணிக்கட்டில் வேறொரு சிக்கல். அதன் சுற்றளவு 16.5தான், ஆனால் கட்டைவிரலை உள்ளே மடக்கிக் குவித்த கையின் சுற்றளவு 22.5. வளையல் கடையில் மணிக்கட்டைப் பார்த்தா வளையல் கொடுக்கிறார்கள்? குவித்த கை நுழைகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். மூடிய உருளையாகச் செய்தால் மணிக்கட்டுப் பக்கம் தொளதொளவென்று நிற்கும். அதனால் உட்புறம் நெடுகப் பிளவு விட்டு, வெல்க்ரோ வைத்து மூடுவதாகக் குறித்திருக்கிறேன். கெண்டைக்காலுக்கும் இதே ஏற்பாடு. தொடைக்கவசம் முன்னும் வெளிப்புறமும் மட்டும் மூடினால் போதும். பின்புறம் திறந்திருந்தால்தான் உட்கார முடியும்.

மன்னர் எட்டாம் ஹென்றிக்கு, குதிரையில்லாமல் தரையில் நின்று மோதும் போட்டிக்காக 1520இல் கிரீனிச் பட்டறையில் செய்த கவசம் இங்கிலாந்தின் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உடலில் எந்த இடமும் வெளியே தெரியாதபடி, மூட்டுகளையும் நழுவும் தகடுகளாலேயே மூடிய அந்தக் கவசத்தை 1960களில் அமெரிக்க விண்வெளி உடையை வடிவமைத்த பொறியாளர்கள் ஆராய்ந்தார்கள். எடை 42 கிலோவுக்கு மேல். அதே மன்னருக்கு 1540இல் செய்த கவசத்தின் இடுப்பு ஏறத்தாழ 51 அங்குலம். அந்த இருபது ஆண்டுகளில் மன்னரை அளந்த பணியாளர் அளவை எந்தக் குரலில் சொன்னாரோ!

ஜனவரி 25, ஞாயிறு

ஞாயிறு என்பதால் அவன் வந்திருந்தான். இன்று தலை. டேப் காட்டும் சுற்றளவு 57 சென்டிமீட்டர்; ஆனால் தலைக்கவசத்துக்கு அது மட்டும் போதாது, ஏனென்றால் தலை வட்டமல்ல. அவனைச் சுவரில் பின்தலை படும்படி நிறுத்தி, நெற்றியில் மூலைமட்டம் ஒன்றை வைத்துச் சுவருக்கும் அதற்கும் உள்ள தூரத்தை அளந்தேன்: 20. காதுக்கு மேலே இரு பக்கமும் அட்டைகளை நேராகப் பிடித்து அளந்த அகலம் 16. மோவாயின் கீழிருந்து உச்சி வரை 23. உள்ளே பஞ்சுத் திண்டு வைக்க எல்லாப் பக்கமும் ஒன்றரை சென்டிமீட்டர் சேர்த்தோம். அவன் கணினியில் வைத்திருந்த முப்பரிமாண மாதிரியை மொத்தமாக ஒரே விகிதத்தில் பெரிதாக்கப் பார்த்தான். அகலம் சரியானால் ஆழம் குறைகிறது. இரு திசைகளையும் தனித்தனியாக மாற்றச் சொன்னேன். கண்ணாடி அணிந்தபடியே தலைக்கவசம் நுழைய வேண்டும் என்பதையும் குறித்துக்கொண்டான்.

பிப்ரவரி 1, ஞாயிறு

சார்ட் அட்டையில் வெட்டிய மாதிரிகளை மாஸ்கிங் டேப்பால் சேர்த்து அணிவித்துப் பார்த்தோம். காலணியோடு நிற்கவைத்தேன், அதன் குதி மூன்று சென்டிமீட்டர் என்பதால் கெண்டைக்கால் கவசத்தின் கீழ்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைக் காலணி இல்லாமல் பார்க்கவே கூடாது. பின்பு பட்டியல்படி ஒவ்வொன்றாகச் செய்யச் சொன்னேன்: படி ஏறு, ஒரு முழங்காலில் மண்டியிடு, வாளை உருவு, எதிர்த் தோளைத் தொடு, நாற்காலியில் உட்கார்ந்து எழு. மண்டியிட்டபோது தொடைத்தகட்டின் கீழ்விளிம்பு முழங்கால்மூடியில் இடித்தது. அங்கே ஒரு சென்டிமீட்டர் குறைத்தோம். வலக்கை எதிர்த் தோளைத் தொட்டபோது மார்புத்தகடு சற்றே இடப்பக்கம் நகர்ந்தது, ஆனால் குத்தவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

கால்கவசங்களின் எடை எங்கே தொங்கும் என்பதில் மட்டும் நீண்ட வாக்குவாதம். அவன் தொடையைச் சுற்றி எலாஸ்டிக்கால் இறுக்கினால் போதும் என்றான். நான்கு அடி நடந்ததும் அது நழுவி முழங்காலில் வந்து நின்றது. அக்கால வீரர்கள் கால்கவசத்தை உள்சட்டையின் இடுப்பில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டதுபோல, பஞ்சுச் சட்டையின் இடுப்புக்கோட்டில் பட்டையான நாடாவைத் தைத்து, அதிலிருந்து இரு வார்கள் இறக்கித் தருகிறேன் என்றேன். அப்படியானால் தோளிலும் கயிறே கட்டலாம் என்று அவனே சொன்னான்.

அட்டைகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இடம், வலம், மேல், வெளிமுகம் என்று எழுதி, சேர வேண்டிய விளிம்புகளுக்கு எண்கள் போட்டுச் சுருட்டிக் கொடுத்தேன். நுரைத்தகடு அவன் விடுதி அறையில் வந்து இறங்கிவிட்டதாம். பசையை இரு விளிம்பிலும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்த பிறகுதான் சேர்க்க வேண்டும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினேன். இடுப்பு நாடாவுக்குத் துணி எடுக்க நாளை கடைக்குப் போக வேண்டும்.