ஐந்து உறைகளில் கூப்பன்கள்

நியூ ஜெர்சிக்கு வந்த முதல் வருடம், ஞாயிற்றுக்கிழமை பேப்பரோடு வரும் தள்ளுபடிக் கூப்பன்களை எல்லாம் வெட்டி ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். கடையில் நின்று தேடினால் பாதிக்குத் தேதி முடிந்திருக்கும். மீதி எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடாத பொருளுக்கு.

இப்போது ஐந்து உறைகள்: பால் தயிர், டின் சாமான், சோப்பு, காலை உணவு, மற்றவை. சீக்கிரம் தேதி முடிவது முன்னால் இருக்கும். ஊரில் அம்மா எழுதுவது போல முதலில் சாமான் பட்டியல் எழுதுகிறேன். அப்புறம்தான் உறையைத் திறக்கிறேன். இந்த வரிசை மாறினால் செலவு கூடிவிடும்.

தயாரிப்பாளர் தரும் கூப்பன் வேறு, கடை தரும் கூப்பன் வேறு. பல கடைகளில் இரண்டையும் ஒரே பொருளுக்குச் சேர்த்துக் கொடுக்கலாம். அந்தப் பொருள் தள்ளுபடிக்கு வரும் வாரம்வரை காத்திருப்பேன். 4 டாலர் பாத்திர சோப்பு தள்ளுபடியில் 3 ஆனது. 1 டாலர், 50 சென்ட் என இரண்டு கூப்பன் போக, ஒன்றரை டாலருக்குக் கிடைத்தது. அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்! ஜனவரியில் ஷாப்ரைட் சூப்பர் மார்க்கெட்டில் டின் சாமானுக்கான கேன் கேன் சேல் என்ற தள்ளுபடி வரும்போது கொண்டைக்கடலை, தக்காளி டின்களை மொத்தமாக வாங்கிவிடுவேன்.

கடை அலமாரியில் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டில், ஒரு அவுன்ஸுக்கு என்ன விலை என்பதையும் பாருங்கள். கூப்பன் போட்ட பெரிய பிராண்டைவிட, கடையின் சொந்தப் பிராண்ட் பல நேரம் மலிவு.

துவரம்பருப்புக்கும் புளிக்கும் பேப்பரில் கூப்பன் வராது. அதற்கு இந்தியக் கடைகள் நிறைந்த எடிசன் ஓக் ட்ரீ ரோடுதான்.