செகண்ட் ஹாஃப் இல்லாத படத்துக்கு ‘செகண்ட் ஹாஃப் லேக்’

வெளிநாட்டுப் படம் ஒன்று நம்மூர்த் தியேட்டருக்கு வந்தால் மறுநாள் காலையிலேயே ஒரு வரி சுற்ற ஆரம்பித்துவிடும்: “ஃபர்ஸ்ட் ஹாஃப் சூப்பர், செகண்ட் ஹாஃப் லேக்.” கொரியப் படத்துக்கும் இதே வரி, ஜப்பானியப் படத்துக்கும் இதே வரி. அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றுக்குச் செகண்ட் ஹாஃப் என்ற ஒன்றே கிடையாது.

நம் திரைக்கதைகள் இடைவேளையை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. ‘இன்டர்வல் பிளாக்’ என்று தனியாகப் பெயர் வைத்து, அந்தக் கட்டத்தை நோக்கிக் காட்சிகளை ஏற்றிக்கொண்டு போகிறோம். சியோலிலோ பாரிஸிலோ 110 நிமிடப் படம் எடுப்பவர் ஒரே மூச்சில் பார்ப்பதற்காக எடுக்கிறார். இங்கே அதை ஐம்பத்தைந்தாவது நிமிடத்தையொட்டி, சில நேரம் ஒரு வசனத்தின் நடுவிலேயே வெட்டி விளக்கைப் போடுகிறார்கள். நாற்பது நிமிடம் மெல்ல மெல்லக் கட்டிய இறுக்கம், பாப்கார்ன் வரிசையில் நிற்கும்போது இறங்கிவிடுகிறது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஓடுவது, அந்த இறுக்கம் மனதில் இருந்தால் மட்டுமே வேலை செய்யக்கூடிய ஓர் அமைதியான காட்சி. லேக் அடிக்காமல் என்ன செய்யும்?

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ 207 நிமிடம். அதில் அவரே ஓர் இடைவேளை வைத்திருக்கிறார், இசையோடு. எங்கே மூச்சு விடலாம் என்பதை இயக்குநர் முடிவு செய்த இடம் அது. வீட்டில் பார்ப்பவர்கள் அங்கேயே எழுந்து காபி போட்டுக்கொள்ளுங்கள். வேறு எங்கும் நிறுத்தாதீர்கள்.

இடைவேளை ஓர் உதாரணம்தான். வெளிநாட்டுப் படங்களைப் பற்றி நாம் அடுக்கும் குறைகளில் கணிசமானவை படத்தின் குறைகள் அல்ல, நமக்குக் கிடைத்த பிரதியின் குறைகள். எந்த நீளம், எந்த ஒலி, எந்த சப்டைட்டில், டிவியில் என்ன செட்டிங் என்று பார்க்காமல் தீர்ப்பு எழுதுவது அந்தப் படத்துக்குச் செய்யும் அநியாயம்.

முதலில் நீளத்தைப் பாருங்கள். ‘செவன் சாமுராய்’ வெளிநாடுகளுக்குப் போனபோது சுமார் 160 நிமிடமாக வெட்டப்பட்ட பிரதிதான் வெகுகாலம் சுற்றியது. முக்கால் மணி நேரம் காணாமல் போன படத்தைப் பார்த்துவிட்டு ‘கதாபாத்திரங்கள் ஒட்டவில்லை’ என்றால் ஒட்டாததற்குக் காரணம் அந்தக் கத்திரிக்கோல். 1954 நவம்பரில் வந்த முதல் ‘காட்ஜில்லா’ இன்னும் நல்ல உதாரணம். இஷிரோ ஹோண்டாவின் ஜப்பானிய மூலம் 96 நிமிடம். அதே ஆண்டு மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா நடத்திய அணுகுண்டுச் சோதனையின் சாம்பல் ‘லக்கி டிராகன்’ என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. படம் அந்தக் காயம் ஆறும் முன் எடுக்கப்பட்டது. மூலத்தில், ரயிலில் போகும் சாதாரண ஜனங்கள் கதிர்வீச்சுப் பட்ட மீனைப் பற்றியும் நாகசாகியில் தப்பிப் பிழைத்ததைப் பற்றியும் பேசிக்கொள்ளும் சின்னக் காட்சி ஒன்று வரும். படத்தின் உயிர் அங்கே இருக்கிறது. 1956இல் அமெரிக்காவில் ரேமண்ட் பர் நடித்த காட்சிகளைப் புதிதாகச் சேர்த்து, மூலத்தைச் சுருக்கி, சுமார் 80 நிமிடத்துக்கு வெளியிட்ட பிரதியில் அந்தப் பேச்சு இல்லை. அதைப் பார்த்தவர்கள் ‘ரப்பர் உடை மாட்டிய மிருகப் படம்’ என்றார்கள். அவர்கள் பார்த்தது அதைத்தான்.

நீளம் குறைந்தாலே வெட்டு என்றும் நினைக்க வேண்டாம். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். ஐரோப்பாவின் ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறையில் டிவியும் டிவிடியும் நொடிக்கு 25. அங்கே பழைய வழக்கப்படி படத்தை நாலு சதவீதம் வேகமாக ஓட்டிவிடுவார்கள். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும். ஒரு காட்சியும் போயிருக்காது, குரல்கள் மட்டும் கொஞ்சம் மெலிந்து கேட்கும். அசல் நீளத்தை 0.96ஆல் பெருக்குங்கள். விடை உங்கள் கையில் இருக்கும் பிரதியின் நீளத்தோடு ஒத்துப்போனால் அநேகமாக வெட்டு இல்லை.

சப்டைட்டில்தான் இதில் பெரிய விஷயம். தமிழ் பேசும் நமக்குக் கொரிய, ஜப்பானியப் படங்கள் ஆங்கிலம் வழியாக வருவது ஒரு சுற்று வழி. அந்த வழியில் எவ்வளவு சிந்திப்போகிறது என்று பாருங்கள்.

கொரிய மொழியில் ஆண் தன் அண்ணனை ‘ஹ்யோங்’ என்பான், பெண் தன் அண்ணனை ‘ஒப்பா’ என்பாள். கூடப் பிறக்காத மூத்தவரையும் உரிமையோடு அப்படியே கூப்பிடுவார்கள், நம் ‘அண்ணே’ மாதிரி. ‘ஸ்குவிட் கேம்’ என்ற கொரியத் தொடரின் முதல் சீசனில், டெல்லிக்காரரான அனுபம் திரிபாதி நடித்த அலி, உடன் விளையாடும் சாங்-வூவை முதலில் ‘முதலாளி’ என்ற பொருளில்தான் கூப்பிடுவான். பிறகு சாங்-வூ அவனை ‘ஹ்யோங்’ என்று கூப்பிடச் சொல்வான். கோலி விளையாட்டு எபிசோடில் அலி அதே சொல்லால் அவனைத் தேடி அழைக்கும்போது கொரியருக்கு நெஞ்சு அடைக்கிறது. முதலாளி அண்ணனாகி, அந்த அண்ணன் என்ன செய்துவிட்டான் என்பதுதான் அந்தக் காட்சி. ஆங்கில வரியில் இந்த மாற்றம் இறங்கவே இல்லை. தமிழில் ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்.

ஆனால் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கினால் என்ன ஆகும்? ‘பிரதர்’ என்று இருப்பது ‘சகோதரா’ ஆகும். எந்த வீட்டில் யார் யாரை ‘சகோதரா’ என்று கூப்பிடுகிறார்கள்? மூலத்தில் அண்ணனா தம்பியா என்று தெளிவாக இருப்பது, ஆங்கிலத்தில் மங்கி, தமிழில் மேடைப் பேச்சாக வந்து நிற்கிறது. தமிழ் டப்பிங்கோ தமிழ் சப்டைட்டிலோ நன்றாக இருக்கிறதா என்று சோதிக்க இதுவே சுலபமான வழி: முதல் பத்து நிமிடத்தில் ‘சகோதரா’ வந்தால் மூலமொழி தெரிந்தவர் கை அதில் படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ‘நீ’, ‘நீங்க’ மாறும் இடத்தையும் கவனியுங்கள். கொரிய மொழியில் மரியாதைப் பேச்சு சட்டென்று நின்றுபோவது கன்னத்தில் விட்ட ஓர் அறைக்குச் சமம். ஆங்கிலத்தில் எல்லாமே ‘யூ’.

வாக்கிய அமைப்பிலும் நமக்கு ஒரு வசதி உண்டு. தமிழைப் போலவே ஜப்பானியத்திலும் கொரியத்திலும் வினை கடைசியில் வரும். “அன்னிக்கு ராத்திரி அவரை நான்தான்…” என்று இழுத்து, நிறுத்தி, கடைசியில் ஒரு நடிகர் ‘கொன்னேன்’ என்று முடிப்பார். ஆங்கில சப்டைட்டிலில் ‘நான் கொன்றேன்’ என்பது வரியின் தொடக்கத்திலேயே வந்துவிடும். நடிகர் இன்னும் மூச்சை இழுத்துக்கொண்டிருப்பார், நாம் முடிவைப் படித்திருப்போம். அப்புறம் ‘ஓவர் ஆக்டிங்’ என்போம். நல்ல தமிழ் டப்பிங் அந்த இடைவெளியை அப்படியே காப்பாற்றும். ‘டப்பிங் என்றாலே மட்டம்’ என்ற எண்ணத்தை நம் ஆட்கள் கொஞ்சம் தளர்த்தலாம்.

நல்ல மொழிபெயர்ப்பும் சில இடங்களில் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். ‘பாரசைட்’ என்ற கொரியப் படத்தில் பணக்கார வீட்டம்மா போனில் செய்யச் சொல்லும் சாப்பாடு ‘ஜப்பகுரி’. இரண்டு மலிவான பாக்கெட் நூடுல்ஸைக் கலந்து செய்வது. அதன் மேல் விலை கூடிய ஹானு மாட்டிறைச்சியைப் போடச் சொல்கிறாள். ஆங்கில சப்டைட்டில் எழுதிய டார்சி பாக்கெட், ராமென், உடோன் என்ற இரண்டு நூடுல்ஸ் பெயர்களையும் சேர்த்து ‘ராம்-டான்’ என்று ஒரு சொல்லை உருவாக்கினார். சியோல் தேசியப் பல்கலைக்கழகம் வரும் ஒரு வசனத்தில் ‘ஆக்ஸ்போர்டு’ என்று போட்டார். இரண்டும் யோசித்துச் செய்தவை. இருந்தாலும் அந்தச் சட்டியில் இருப்பது பெட்டிக்கடை நூடுல்ஸ் என்று தெரிந்து பார்த்தால் காட்சி இன்னும் உறைக்கும்.

ஓடிடியில் இன்னொரு தவறு அடிக்கடி நடக்கும். மூல ஒலியை வைத்துக்கொண்டு, சப்டைட்டிலில் ‘இங்கிலீஷ் சிசி’யை (காது கேளாதோருக்காகச் சத்தங்களையும் எழுதிக் காட்டும் வகை) தேர்ந்தெடுத்துவிடுவோம். அது பல நேரம் ஆங்கில டப்பிங்குக்காக எழுதிய வரி; உதட்டசைவுக்காக வசனத்தை மாற்றியிருப்பார்கள். மூல ஒலியோடு பார்ப்பவர்கள் ‘சிசி’ இல்லாத வெறும் ‘இங்கிலீஷ்’ இருந்தால் அதைப் போடுங்கள்.

தனியாக எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் கோப்பு வைத்துப் பார்ப்பவர்களுக்கு: வரி முந்திப் பிந்தி வந்தால் விஎல்சி பிளேயரில் ‘ஜி’, ‘ஹெச்’ விசைகள் ஒவ்வொரு தட்டலுக்கும் 50 மில்லி நொடி நகர்த்தும். தொடக்கத்தில் சரிசெய்தும் போகப் போக விலகினால் இந்த விசைகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். அநேகமாக, 25 ஃபிரேம் பிரதிக்கு எழுதிய கோப்பை 23.976 ஃபிரேம் (24இன் வீடியோ வடிவம்) பிரதியோடு போட்டிருக்கிறீர்கள்; இரண்டு மணி நேர முடிவில் ஏறக்குறைய ஐந்து நிமிடம் விலகிவிடும். ‘சப்டைட்டில் எடிட்’ என்ற இலவச மென்பொருளில் ஃபிரேம் ரேட்டை 25இலிருந்து 23.976க்கு மாற்றிச் சேமித்து, முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் ஒத்துப் பாருங்கள். தமிழ் எழுத்துக்குப் பதில் குப்பைக் குறிகள் வந்தால் கோப்பை யூடிஎஃப்-8 (UTF-8) என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமிக்க வேண்டும். சில பழைய டிவிகளில் யுஎஸ்பி வழியாகப் போட்டால் ‘கொ’, ‘தெ’ போன்றவற்றின் கொம்பு இடம் மாறி நிற்கும். அது டிவியின் எழுத்துரு ஆற்றல் குறைவு, கோப்பில் கோளாறு இல்லை. லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ போட்டால் சரியாக வரும்.

அடுத்து டிவி. புது டிவியில் குரோசாவாவே சீரியல் மாதிரித் தெரிந்தால் மோஷன் ஸ்மூத்திங் ஓடிக்கொண்டிருக்கிறது. 24 ஃபிரேமுக்கு நடுவில் டிவி தானாகப் படங்களை இட்டுக்கட்டும் வேலை அது. எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’, சாம்சங்கில் ‘பிக்சர் கிளாரிட்டி’ (பழைய செட்டில் ‘ஆட்டோ மோஷன் பிளஸ்’). அணைத்துவிடுங்கள். ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் ஒரே தட்டலில் வேலை முடியும். எச்டிஎம்ஐ ஒன்று, இரண்டு என்று உள்ளீட்டுக்கு உள்ளீடு செட்டிங் மாறலாம், தனித்தனியாகப் பார்த்துவிடுங்கள்.

கறுப்புப் பட்டைகளைக் கண்டு ‘ஜூம்’ அமுக்கக் கூடாது. பழைய படங்களின் 1.37 சட்டகத்தை (உயரம் 1 என்றால் அகலம் 1.37) அகலம் நிரம்ப ஜூம் செய்தால் உயரத்தில் 23 சதவீதம் போய்விடும். தலையும் காலும் இல்லாத மனிதர்கள்தான் மிச்சம். 2.39 அகலத்திரைப் படத்தை நிரப்பினால் அகலத்தில் கால்வாசி போகும், இரண்டு ஓரத்திலும் எதிரெதிரே நிற்கும் இருவரில் ஒருவர் பாதியாவார். ‘ஸ்ட்ரெச்’ செய்தால் எல்லாரும் குண்டாவார்கள்.

வசனம் முணுமுணுப்பாகவும் சண்டைச் சத்தம் இடியாகவும் கேட்டால், ஆறு சேனல் கொண்ட 5.1 ஒலியை இரண்டு ஸ்பீக்கரில் போடுகிறீர்களா என்று பாருங்கள். வசனம் பெரும்பாலும் நடு சேனலில்தான் இருக்கிறது. ஓடிடியில் ஸ்டீரியோ ஒலி இருந்தால் அதை மாற்றிப் போடுங்கள்.

தொடர் படங்களில் பிரதிக் குழப்பம் கதையையே உடைக்கும். ஹாங்காங்கின் ‘இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்’ மூன்று பாகம் (முடிவைச் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள்). 2002இல் வந்த முதல் பாகத்துக்கு இரண்டு முடிவுகள் உண்டு. ஹாங்காங் பிரதியில் போலீஸுக்குள் இருக்கும் உளவாளி லாவ் மாட்டாமல் தப்பிவிடுவான். சீனப் பெருநிலத்துக்காக எடுத்த முடிவில் லிஃப்டிலிருந்து வெளியே வந்ததும் கைதாவான். மூன்றாம் பாகம் தப்பித்த லாவ் மனம் சிதைவதைப் பற்றியது. கைதாகும் பிரதியைப் பார்த்துவிட்டு மூன்றாம் பாகத்துக்குப் போனால் ‘லாஜிக்கே இல்லை’ என்றுதான் தோன்றும். இரண்டாம் பாகம் முன்கதை என்பதால் அதை முதலில் பார்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தபின் அவர்களின் இளமையைப் பார்ப்பதில்தான் அதன் கனம். வெளியான வரிசையிலேயே போங்கள்.

நேர்மாறாக, ‘காட்ஜில்லா மைனஸ் ஒன்’ (2023) பார்க்க முந்தைய முப்பது சொச்சப் படங்களில் ஒன்றுகூடத் தேவையில்லை. அது தனிக் கதை. நேரம் இருந்தால் 1954 மூலத்தை மட்டும் முன்னால் பாருங்கள், 96 நிமிடப் பிரதியை.

இனி படம் பற்றி எழுதும்போது மேலே ஒரு வரி சேருங்கள்: ‘ஹாங்காங் முடிவு, காண்டனீஸ் ஒலி, ஆங்கில சப்டைட்டில், வீட்டு டிவி.’ அதற்குக் கீழே என்ன திட்டினாலும் படிக்கிறவருக்கு எதைத் திட்டுகிறீர்கள் என்று தெரியும்.