துப்பாக்கிக் கட்டைக்கு மரம் தேடிய கதை: கடைசியில் வர்தா புயலில் விழுந்த வாகை

நீளம் 60 அங்குலம், அகலம் 7, கனம் இரண்டரை. கணக்குப் போட்டால் 0.6 கன அடி. ஒரு வாசல் நிலைக்கு வாங்கும் மரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. இந்த ஒரு துண்டுக்காக ஆறு மாதம் அலைந்தேன்.

செய்ய நினைத்தது கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துச் சிப்பாய்கள் தோளில் சுமந்த இந்தியா பேட்டர்ன் மஸ்கட்டின் மரக்கட்டை. வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டு இடித்து, சிக்கிமுக்கிக் கல் பொறியில் வெடிக்கிற துப்பாக்கி அது. குழல் 39 அங்குலம், மொத்த நீளம் ஏறக்குறைய 55. கம்பெனிப் படைக்கென்று செய்த இந்த வகையைத்தான் 1797-ல் பிரிட்டிஷ் ராணுவமும் எடுத்துக்கொண்டது. கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போகும்போதெல்லாம் ஆயுதங்கள் இருக்கும் கூடத்தில்தான் என் கால் நிற்கும். எல்லோரும் குழலையும், பொறி தட்டும் பூட்டையும் பார்ப்பார்கள். எனக்குக் கண் போவது அந்த மரத்தில். நாலடிக்கு மேல் நீளமுள்ள மரத்தில், அதன் நுனிவரை குழலைப் பொதித்துவைக்கக் குடைந்திருக்கிறார்களே, அந்த வேலையைக் கையால் ஒரு தடவையாவது செய்து பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

சுடுகிற குழலை இதில் வைக்கப் போவதில்லை. வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கும் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதனால் குழலுக்குப் பதிலாகத் துளையே இல்லாத இரும்புக் கம்பி, பூட்டுக்குப் பதிலாக அசையாத பித்தளைத் தகடு. மரவேலை மட்டும் அசலாக இருக்கும்.

இந்தக் கட்டையில் உயிர் இருப்பது கழுத்தில். பூட்டுக்குப் பின்னால் கை பிடிக்கிற ஒடுக்கமான இடத்தைத்தான் சொல்கிறேன். அங்கே மரம் ஒன்றே முக்கால் அங்குலத்துக்கு மேல் இருக்காது. அதற்கு முன்னால் பூட்டுக்காகக் குடைந்த பள்ளம், பின்னால் தோளில் பதிகிற கனமான அடிப்பகுதி. நேராக வந்த கட்டை அங்கேதான் கீழ்நோக்கி வளைகிறது. மரத்தின் ரேகை அந்த வளைவோடு கூடவே ஓடினால் தாங்கும். நடுவில் குறுக்காக வெளியேறினால் என்றைக்காவது ஒருநாள் தரையில் விழும்போது அங்கேயே ஒடியும். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் கழுத்தில் பித்தளைத் தகடு சுற்றியிருப்பதோ கம்பி கட்டியிருப்பதோ இதனால்தான்.

இது எனக்கு முதலில் தெரியாது. தேக்கு வாங்கினால் போதும் என்று நினைத்தேன். பெரம்பூர் பக்கம் ஒரு கடையில், நன்றாகக் காய்ந்தது என்று சொல்லி ஒரு பலகை கொடுத்தார்கள். பார்க்க அழகான பொன்னிறம். வீட்டுக்குக் கொண்டுவந்து லக்கேஜ் தராசில் தொங்கவிட்டேன்: 12.6 கிலோ. வாரம் ஒருமுறை நிறுத்தேன். இரண்டு மாதத்தில் 11.8-க்கு இறங்கியது. அந்த முக்கால் கிலோவுக்கு மேல் அத்தனையும் தண்ணீர். போனது தண்ணீர் மட்டுமல்ல. பலகையின் இரு முனையிலும் ஒரே உயரத்தில் இரண்டு நேர்க்கட்டைகளை வைத்து ஒன்றின் மேல்விளிம்பை மற்றொன்றோடு ஒட்டிப் பார்த்தால், ஒரு பக்கம் கால் அங்குலம் தூக்கிக்கொண்டு நின்றது. முறுக்கிவிட்டது. குழல் உட்காரும் பள்ளமான காடியை எடுத்த பிறகு இப்படி ஆகியிருந்தால் அத்தனை வேலையும் வீண்.

அந்தப் பலகையை எங்கள் தெருக்கோடியில் மரவேலை செய்யும் அண்ணனிடம் காட்டினேன். கட்டைவிரலை வைத்து ரேகையைத் தடவிக்கொண்டே போனவர் கழுத்து வரவேண்டிய இடத்தில் நிறுத்தினார். "இங்க பாரு தம்பி, மேல இருந்து வந்த ரேகை இங்க வெளிய ஓடிடுச்சு. கதவுக்குன்னா பரவால்ல. நீ சொல்ற சாமானுக்கு இந்த எடத்துலதான் உடையும்."

பிறகு ஒரு விளிம்புத் துண்டை அறுத்து நிற்கவைத்து, உளியை வைத்து கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். வாள், அதாவது ரம்பம், தன் போக்கில் அறுக்கும், உளியால் பிளந்தால் மரம் தன் போக்கைக் காட்டும். தேக்கு டப்பென்று பிளந்து, நேராக வரும் என்று நான் நினைத்த இடத்தில் சரிவாக ஓடியது. பென்சிலால் கோடு போட்டு அளந்தோம். ஆறு அங்குலத்தில் ஒன்றரை அங்குலம் விலகியிருந்தது. அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் கேட்பது ஒரு துண்டு விளிம்பு.

அப்புறம் மற்ற மரங்கள். ஈட்டி, அதாவது ரோஸ்வுட் மரம், ஆசைதான், ஆனால் ரொம்பக் கனம். வெட்டுவதைக் கட்டுப்படுத்த 1994-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட்டார்கள். கணக்கு வழக்கு தெரியாத ஈட்டித் துண்டை வாங்க எனக்கு மனம் வரவில்லை. பூவரசு நல்ல உறுதி, வண்டிச் சக்கரத்துக்குப் போட்ட மரம். ஐந்து அடிக்குக் கோணல் இல்லாமல், கணு இல்லாமல் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் இதற்குப் போட்டது வால்நட், அதாவது அக்ரூட் மரம். அது நம் நாட்டில் காஷ்மீரில் விளைகிறது. சென்னையில் ஒரே ஒரு துண்டு வேண்டும் என்று கேட்டால் யாரும் காது கொடுப்பதில்லை.

வால்நட் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான், மர வியாபாரத்தில் நம் வாகைக்கே 'ஈஸ்ட் இந்தியன் வால்நட்' என்று பெயர் உண்டு என்பது கண்ணில் பட்டது. வால்நட்டுக்கும் அதற்கும் உறவு எதுவும் இல்லை. மரத்தின் கெட்டியான நடுப்பகுதியான வைரத்தின் பழுப்பு நிறமும் கருங்கோடுகளும் அப்படி இருப்பதால் வந்த பெயர். எடையும் கிட்டத்தட்ட அதே.

பெரியப்பா வீட்டு வாகை உடனே ஞாபகம் வந்தது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா அடித்தபோது சேலையூர் வீட்டுச் சுற்றுச்சுவர் மேல் சாய்ந்த மரம். ஊஞ்சல் பலகைக்கு ஆகும் என்று அறுவை மில்லில் மூன்று அங்குலக் கனத்தில் அறுத்து, இடையில் ரீப்பர் கொடுத்துக் கார் ஷெட் பரணில் அடுக்கிவைத்தார். ஊஞ்சல் வரவே இல்லை. அங்குலத்துக்கு ஒரு வருஷம் காயவேண்டும் என்பார்கள். இது எட்டு வருஷத்துக்கு மேல் நிழலில் கிடந்திருக்கிறது.

"எடுத்துக்கோடா, உங்க பெரியம்மா பரணைக் காலி பண்ணச் சொல்லிக்கிட்டே இருக்கா" என்றார் பெரியப்பா.

நான்கு பலகை. தூசியைத் துடைத்தால் ஓரமெல்லாம் குண்டூசித் துளைகள். தட்டினால் மாவு கொட்டியது. வாகையின் வெளிறை வண்டு விடாது. வெளுத்த அந்த ஓரம் இரண்டு அங்குலம். உள்ளே வைரத்தில் ஒரு துளைகூட இல்லை. கை இழைப்புளியால் ஒரு சாண் அளவு இழைத்து, ஈரத்துணியால் துடைத்தேன். அந்த ஒரு நொடியை எப்படிச் சொல்வது! சாம்பல் பூத்துக்கிடந்த பலகையில் தேன்பழுப்பும் அதற்குள் மசிக்கோடுகளும் எழுந்து வந்தன.

மூன்றாவது பலகை அடிமரத்திலிருந்து வந்தது. வேருக்கு அருகில் மரம் விரிவதால் ஒரு முனையில் ரேகை மெல்ல வளைந்து இறங்குகிறது. கட்டையின் வடிவத்தை அட்டையில் வரைந்து, உள்பகுதியை வெட்டி எடுத்து, ஜன்னல் மாதிரி செய்திருந்தேன். அதைப் பலகை மேல் வைத்து மேலும் கீழும் நகர்த்திப் பார்த்ததில் மாலை முழுக்கப் போனது. எட்டாவது முறையோ ஒன்பதாவது முறையோ பொருந்தியது. முன்பக்கம் ரேகை குழலுக்கு இணையாக ஓடுகிறது, கழுத்தில் வளைவோடு திரும்புகிறது, அடிப்பகுதியில் கீழே இறங்குகிறது. வெளிறு முழுவதும் ஜன்னலுக்கு வெளியே. கணு ஒன்று இருந்தது, அதுவும் அறுத்து எறியப் போகும் மூலையில்.

உளிச் சோதனையும் செய்தேன். தேக்கைப் போல டப்பென்று பிளக்கவில்லை. நார்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, இழுத்துப் பிய்க்க வேண்டியிருந்தது. கழுத்துக்கு இது நல்லது. ஆனால் இதே குணம் இழைக்கும்போது தொல்லை: ரேகை பட்டை பட்டையாக எதிரும் புதிருமாக ஓடுவதால், ஒரு பட்டையில் வழுக்கிப்போகும் இழைப்புளி அடுத்த பட்டையில் செதிலைப் பெயர்த்துவிடுகிறது. கடைசி வேலையை, சுரண்டி எடுக்கும் சீவுத்தகட்டால்தான் முடிக்க வேண்டும். இன்னொன்று, வாகைத் தூள் பயங்கரமாகத் தும்மல் வரவழைக்கும். முதல் நாள் வெறும் முகத்தோடு அறுத்துவிட்டு இரவெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முகக்கவசம் இல்லாமல் இதில் வாள் வைக்காதீர்கள்.

சா மில்லில் கோட்டுக்கு அரை அங்குலம் வெளியே விட்டு அறுத்து வாங்கினேன். முனைகளில் மெழுகு உருக்கிப் பூசி, மாடி அறையில் கயிற்றில் தொங்குகிறது. புரட்டாசிக் கடைசியில் 11.1 கிலோ. ஐப்பசி மழையில் மூன்று வாரத்தில் 11.2-ஐத் தாண்டியது. எட்டு வருஷம் காய்ந்த மரமும் நம் ஊர்க் காற்றைக் குடிக்கத்தான் செய்கிறது. நேர்க்கட்டை வைத்துப் பார்த்தேன், முறுக்கு இல்லை.

குழல் காடியை இப்போது எடுக்கப் போவதில்லை. மழை விட்டு, தையில் எடை பழையபடி 11.1-க்கு வந்து இரண்டு வாரம் அசையாமல் நின்றால் உளி எடுப்பேன். அதுவரை கம்பியை 39 அங்குலத்துக்கு அறுத்து அரம் போடும் வேலை இருக்கிறது. வெட்டி எடுத்த கணு மூலையை வீணாக்கவில்லை. அதில் கொட்டாப்புளிக்குத் தலை செய்துகொண்டிருக்கிறேன்.