தீரனும் எங்க ஏட்டு மாமாவும்

போன ஞாயித்துக்கிழம ராத்திரி செம மழை, எங்க குமரி மாவட்டத்துல தான் ரெண்டு பருவமழையும் பெய்யுமே, வெளிய எங்கயும் போக முடியல, சரின்னு கார்த்தி நடிச்ச தீரன் அதிகாரம் ஒன்று படத்த மறுபடி போட்டேன். 2017ல வந்தப்பவே நாகர்கோவில்ல பாத்தது தான், ஆனா இந்த தடவ பக்கத்துல மாமா இருந்தாரு, ரிட்டையர்டு ஏட்டு.

மாமாவுக்கு போலீஸ் படம்னாலே ஆவாது. ஹீரோ பறந்து அடிச்சா "இவன் எந்த ஸ்டேஷன்ல பாரா நின்னான்"னு கேப்பாரு. மண்டைக்காடு கொடை, கோட்டார் சவேரியார் திருவிழான்னு வருசம் பூரா பந்தோபஸ்து நின்ன காலு அது. கார்த்தி காதல் சீன் தொடங்குனதும் சிப்ஸ் டப்பாவ தூக்கிட்டு அடுக்களைக்கு போயிட்டாரு (நானும் அத ஓட்டி தான் விட்டேன், டைரக்டர் வினோத் அதுல பாதிய வெட்டியிருக்கலாம்).

கைரேகை தேடுற எடம் வந்ததும் திரும்பி வந்து நிமுந்து உக்காந்துட்டாரு. 1995ல இருந்து 2005 வரை நடந்த வடநாட்டு பவாரியா கும்பல் கேஸ் தான கதை, ஹைவே பக்கத்துல தனியா நிக்கிற வீடா பாத்து புகுந்து அடிச்சு கொன்னுட்டு லாரியில ஏறி போயிட்டே இருப்பானுவ, போலீஸ் அதிகாரி ஜாங்கிட் தலைமையில நம்ம போலீஸ் நெசமாவே வடக்க போயி பிடிச்சது. மாமா சொன்னாரு, "மக்கா, இதாக்கும் போலீஸ் வேல, கேட்டியா. மத்ததெல்லாம் கூத்து." பத்து விரலுக்கும் மை தடவி சீட்டுல உருட்டி எடுக்கணும், ஒண்ணு கலங்குனாலும் பெறவு ஒப்பிட முடியாது, கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல லென்ஸ வச்சு ஒவ்வொரு சீட்டா பாக்கணும்னாரு. அந்த பஸ் சண்டைய விட எனக்கு இது தான் த்ரில்லா இருந்துச்சு.

அந்த லாரி சீன் பாக்கும்போது வயித்துல என்னமோ பண்ணும், ஏன்னா ஸ்ரீநகர்ல கெளம்புற 44ம் நம்பர் ரோடு காவல்கிணறு தாண்டி எங்க கன்னியாகுமரில வந்து தான் முடியுது.

பவாரியாங்கிற ஒரு சமுதாயத்தையே கொடூரமா காட்டுனது மட்டும் எனக்கு ஒப்பல. 1871ல வெள்ளக்காரன் குற்றப்பரம்பரை சட்டம் போட்டு, பொறந்த பிள்ளை மேலயே குற்றவாளின்னு முத்திரை குத்துனான், நம்ம தமிழ்நாட்டு சாதிங்களும் அதுல மாட்டுனது தான, அது தெரிஞ்சும் இப்படி எடுக்கணுமா.

பெறவு எம்எல்ஏ கொலை. 2005ல கும்மிடிப்பூண்டி எம்எல்ஏ சுதர்சனத்த நெசமாவே கொன்னானுவ. அது வரைக்கும் சாதாரண சனம் செத்தப்ப நகராத ஃபைலு படத்துல அப்பறம் தான் ஓடுது. நான் சும்மா இருக்காம, "மாமா, ஆச்சி செயினு போயி எத்தன வருசமாச்சு"ன்னு கேட்டுட்டேன்.

மூணு பவுன், பஸ் ஸ்டாப்புல வச்சு பைக்ல வந்தவன் அறுத்துட்டு போனது. ஸ்டேஷன்ல புகார் எழுதுற ரைட்டர் எஃப்ஐஆர் போடாம, புகார வாங்கிக்கிட்டோம்ங்கிற சிஎஸ்ஆர் சீட்டு மட்டும் குடுத்து அனுப்பிட்டாரு. இத்தனைக்கும் மாமா அப்ப சர்வீஸ்ல இருந்தாரு, கூட போனதும் அவரு தான்.

மாமா ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்த ரைட்டர் எனக்கு கூட்டாளி லே"ன்னாரு, டிவியவே பாத்துக்கிட்டு.

சீட்டு இன்னும் பீரோல சேலைக்கு அடியில கெடக்கு. ஆச்சி அத தூர போட விட மாட்டா.